பாக்கெட் செயலாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. அக்கா போனில் சொன்னாள், உங்கள் ஊர் அஞ்சல்தலைச் சங்கத்தில் உன்னை எக்ஸ்சேஞ்ச் பாக்கெட் செயலாளராகப் போட்டுவிட்டார்களாம். "சம்பளமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. இவளுக்கு இது தேவையா?" என்று என்னைக் கேட்டாள். அவளிடம் ஏதோ சமாளித்துவிட்டு வைத்தேன். சொல்ல வேண்டியதை உனக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வாழ்த்தெல்லாம் சொல்லப் போவதில்லை. தலைவர் பதவிக்கு ஆள் வருவார்கள். கண்காட்சி வரவேற்புக் குழுவுக்கு, மேடையில் நாற்காலி உண்டு என்பதால், இன்னும் நிறையப் பேர் வருவார்கள். பாக்கெட் வேலைக்கு யார் என்று கேட்டால் கூட்டத்தில் எல்லாரும் குனிந்து கைப்பேசியைப் பார்ப்பார்கள். அப்படி ஒரு நிமிஷத்தில் நீ கையைத் தூக்கியிருப்பாய். தூக்கியது சரிதான். ஆனால் எதற்குத் தூக்கினாய் என்று தெரிந்துகொண்டு தொடங்கு.

வேலை என்ன என்று பார்த்தால் சின்னதுதான். உறுப்பினர்கள் தங்களிடம் மிஞ்சிய ஸ்டாம்புகளைச் சின்னச் சின்னப் புத்தகங்களில் ஹிஞ்ச் தாள் போட்டு ஒட்டி, கீழே பென்சிலில் கேட்டலாக் எண்ணும் விலையும் எழுதி உன்னிடம் தருவார்கள். நீ அவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, வரிசைப் பட்டியல் ஒன்றை மேலே வைத்து, முதல் ஆளுக்கு அனுப்புவாய். அவர் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, சீட்டில் குறித்து, பணத்தை உனக்கு அனுப்பிவிட்டு, பெட்டியை அடுத்தவருக்கு அனுப்புவார். சுற்று முடிந்து பெட்டி உன்னிடம் திரும்பும். எது போயிற்று, எது இருக்கிறது, யார் எவ்வளவு தர வேண்டும், சங்கத்துக்குக் கழிவு எவ்வளவு என்று உட்கார்ந்து சரிபார்ப்பாய். பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்ட காலத்தில் அனுப்பும் செலவே ஒரு தலைவலி. இருந்தாலும், வேலூரிலோ தேனியிலோ தனியாக உட்கார்ந்து சேகரிக்கிற ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு அந்தப் பெட்டிதான் சங்கம். அவர் கூட்டத்துக்கு வர மாட்டார், ஓட்டுப் போட மாட்டார். பெட்டி ரெண்டு மாதம் வராவிட்டால் மட்டும் போன் செய்வார்.

இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு: காலிக் கட்டம். ஸ்டாம்பை எடுத்தவர் அந்த வெற்றிடத்தில் தன் கையெழுத்தையோ ரப்பர் முத்திரையையோ வைக்க வேண்டும். வழக்கமான சம்பிரதாயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் பாக்கெட்டில் நடக்கிற திருட்டு பெரும்பாலும் ஸ்டாம்பைத் தூக்கிக்கொண்டு போவது அல்ல, மாற்றி வைப்பது. நல்ல பிரதியை எடுத்துவிட்டு, அதே ஸ்டாம்பின் மட்டமான பிரதியை, ஓரத்தில் ஒரு பல் குட்டையாக இருப்பதையோ, பின்னால் ஹிஞ்ச் உரிந்து தாள் மெலிந்திருப்பதையோ, அதே இடத்தில் ஒட்டிவிடுவார்கள். கட்டம் காலியாகவே இல்லாதபோது யாரைக் கேட்பாய்? அதனால் அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வை. பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலிக் கட்டங்களைப் பார்க்க வேண்டும், கையெழுத்து இல்லாத கட்டம் இருந்தால் தன் பங்கு எதையும் எடுக்கும் முன் உனக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டியலின் தலையிலேயே எழுதி ஒட்டு. அப்படியும் ஒன்று குறைந்தால் வாட்ஸ்அப் குழுவில் போடாதே. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேள். பத்துக்கு ஒன்பது மறதிதான். அந்தப் பத்தாவது ஆளுக்கு நீ கேட்ட கேள்வியே போதும், அடுத்த சுற்றில் கை நீளாது.

இப்போது உன்னைப் பற்றி. நீ திருவாங்கூர் அஞ்சல் ஸ்டாம்புகள் சேகரிக்கிறாய். 1888-இல் தொடங்கிய அந்தச் சங்கு ஸ்டாம்புகள் பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். வாட்டர்மார்க்கிலும் ஓரப் பல் அளவிலும் அச்சுக் கட்டையிலும்தான் வித்தியாசம், விலையின் வித்தியாசமும் அங்கேதான். அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் நீயும் இன்னும் ஒன்றிரண்டு பேரும்தான் இருப்பீர்கள். ஒருநாள் யாரோ ஒருவர் தரும் புத்தகத்தில், பென்சிலில் ஐந்து ரூபாய் என்று எழுதிய கட்டத்தில், நீ பல வருஷம் தேடிய வாட்டர்மார்க் வந்து உட்கார்ந்திருக்கும். பாக்கெட் முதலில் வருவது உன் கைக்கு. எழுதியவருக்கு விஷயம் தெரியாது. எடுத்துக்கொண்டு ஐந்து ரூபாயைக் கணக்கில் எழுதினால் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை.

எடுக்காதே. அவரைக் கூப்பிட்டு, "இதன் விலையை இன்னொரு தடவை பாருங்கள் சார்" என்று சொல். விலையைத் திருத்தி எழுதச் சொல்லிவிட்டு, பட்டியலின் கடைசியில் உன் பெயரைப் போட்டுக்கொள். சுற்றெல்லாம் முடிந்து அது இன்னும் அங்கே இருந்தால் வாங்கிக்கொள். பாக்கெட் செயலாளரின் இடம் கடைசி இடம். இதை விதியில் எழுதியிருக்கிறார்களோ இல்லையோ, நீ எழுதிவை. செயலாளர் முதலில் பாலாடையை எடுத்துவிட்டு மோரை அனுப்புகிற சங்கங்கள் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். அங்கே நல்ல ஸ்டாம்ப் வைத்திருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் புத்தகம் தருவதை நிறுத்திவிடுவார்கள். காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பாக்கெட் தானாக மெலிந்து ஒருநாள் நின்றுபோகும். அப்புறம் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று ஆண்டு விழாவில் பேசுவார்கள்.

நீ என்ன சேகரிக்கிறாய் என்பதை எல்லாருக்கும் தெரியும்படி சொல்லியும் வை. மறைத்து வைக்கிற செயலாளர்மேல் யாருக்கும் நம்பிக்கை வராது.

இந்தப் பொழுதுபோக்கில் இன்று நாம் தெரிந்து வைத்திருப்பதில் பெரும்பகுதி, சம்பளம் வாங்காதவர்கள் உட்கார்ந்து எழுதி வைத்தது. 1897-இல் கல்கத்தாவில் ஃபிலாட்டலிக் சொசைட்டி ஆஃப் இந்தியா தொடங்கியபோது அதில் முன்னால் நின்றவர் ஸ்டூவர்ட்-வில்சன், அஞ்சல்துறை அதிகாரி. பகலில் துறையின் கோப்பு, மாலையில் சங்கத்தின் வேலை. அவரும் ஹவுஸ்பர்க், கிராஃப்டன் என்ற இருவரும் சேர்ந்து பிரிட்டிஷ் இந்தியாவின் அஞ்சல், தந்தி ஸ்டாம்புகள் பற்றி 1907-இல் கொண்டுவந்த புத்தகத்தை இன்றும் ஏலக் கேட்டலாக்குகள் மேற்கோள் காட்டுகின்றன. 1854-இன் நாலணா ஸ்டாம்பில் ராணியின் தலை தலைகீழாக அச்சான கதையை எல்லாருக்கும் தெரியும். அந்த ஸ்டாம்ப் எத்தனை தடவை, எந்த அச்சுக் கல்லில், எப்படி அச்சானது என்று ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தது இப்படிப்பட்டவர்களின் வேலை. உங்கள் சங்க நூலகத்தில் பழைய பத்திரிகைத் தொகுதிகள் இருந்தால் அவற்றுக்கு ஒரு பொருளடக்க அட்டவணை யாராவது போட்டிருக்கிறார்களா என்று பார். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்தில் அதைச் செய். செய்தவர் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பத்து வருஷம் கழித்து ஒருவன் தேடினது கிடைத்து "அட!" என்பான்.

வெளிநாட்டில் இதற்கெல்லாம் மரியாதை உண்டா என்று கேட்டிருந்தாயாம். உண்டு, ஓரளவு. 1886-இல் தொடங்கிய அமெரிக்கன் ஃபிலாட்டலிக் சொசைட்டி 1940 முதல் லஃப் விருது என்று ஒன்று தருகிறது. அதில் ஆராய்ச்சிக்குத் தனி, சங்கத்துக்கு உழைத்தவர்களுக்குத் தனி. இரண்டும் வேறு வேறு உழைப்பு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. அதே நாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய ஒரு ஏற்பாடு, சேகரிப்பவர்களிடம் மிஞ்சும் ஸ்டாம்புகளை வாங்கி, பிரித்து, காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிப்பாய்களுக்கு அனுப்பியது. பிரிப்பவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். நம் ஊரில் சால்வை உண்டு, நினைவுப் பரிசு உண்டு. சால்வையை எதிர்பார்த்து இறங்கினால் மூன்றாம் வருஷம் மனசு கசந்துவிடும். வேண்டாம்.

இன்னும் கொஞ்ச நாளில் உனக்கு ஒரு போன் வரும். சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் போன் நிச்சயம் வரும். "அப்பா போய்ட்டார். ஆல்பம் எல்லாம் இருக்கு. என்ன பண்றதுன்னு தெரியலை. ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா?" இந்த ஒரு விஷயத்தில் நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள்.

தனியாகப் போகாதே. சங்கத்திலிருந்து இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போ. ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்து வராதே. எடுத்துத்தான் வர வேண்டும் என்றால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை அவர்களிடம் கொடு. அங்கே உட்கார்ந்து உண்மையைச் சொல். உண்மை பெரும்பாலும் கசப்பாகத்தான் இருக்கும். சமீபத்திய பல பத்தாண்டுகளின் முத்திரை படாத இந்திய மின்ட் ஸ்டாம்புகளை, ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் அச்சானவை, இறந்தவர் தபால் ஆபீஸ் கவுன்டரில் காசு கொடுத்து வாங்கி ஒன்று விடாமல் அடுக்கியிருப்பார். அதை வியாபாரி முகமதிப்புக்கே கேட்டால் அதிர்ஷ்டம். குறைத்துக் கேட்பவர்தான் அதிகம். நடுவில் 1948-இன் காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்ப் இருந்தால் அவர் மனைவியின் முகம் மலரும், கணவர் அதைப் பற்றி வீட்டில் பல தடவை பேசியிருப்பார். சுவிட்சர்லாந்தில் அச்சான அந்த ஸ்டாம்புக்குப் போலிகள் ஏராளம். லென்ஸ் வைத்துப் பார்த்து, சந்தேகம் இருந்தால், "நிபுணரிடம் காட்டிச் சான்று வாங்கின பிறகுதான் சொல்ல முடியும்மா" என்று நிறுத்திக்கொள். போலி என்று அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம், ஆஹா என்று குதிக்கவும் வேண்டாம்.

பிறகு, "வேறே பழைய கடிதம், கவர், அட்டைப்பெட்டி ஏதாவது இருக்கா?" என்று கேள். மறக்காமல் கேள். நிஜமான மதிப்பு பல நேரங்களில் அங்கேதான் இருக்கும். செட்டிநாட்டுப் பக்கம் என்றால் ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கணக்குக் கடிதங்கள் மூட்டையாகப் பரணில் கிடக்கும். 1937 ஏப்ரலில் பர்மா தனியாகப் பிரியும்வரை ரங்கூன் கடிதத்தில் ஒட்டியிருப்பது இந்திய ஸ்டாம்புதான். பிரிந்த அன்றைக்கு அதே இந்திய ஸ்டாம்பின்மேல் 'பர்மா' என்று மேலச்சு ஏறியது. அப்புறம் போர், தணிக்கை முத்திரை, ஒட்டிய தணிக்கைத் தாள். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் கடிதமே நின்றுபோயிற்று. இந்தக் கதை முழுவதும் உறையின்மேல் இருக்கிறது: தேதி முத்திரையில், ஊர்ப் பெயரில், பின்பக்கத்து வந்தடைந்த முத்திரையில். வீட்டில் யாராவது பிள்ளை, ஸ்டாம்புதானே வேண்டும் என்று கத்தரிக்கோலால் மூலையை வெட்டி வைத்திருக்கும். வெட்டினது போனது போகட்டும், மிச்சத்தை வெட்ட வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடு. உள்ளே இருக்கும் கடிதத்தையும் உறையையும் பிரிக்க வேண்டாம் என்றும் சொல்.

விற்க வேண்டும் என்றால் வழிகளைச் சொல்: ஏல நிறுவனம், இரண்டு மூன்று வியாபாரிகளிடம் தனித்தனியாக விலை, சங்கத்துப் பாக்கெட். முடிவு அவர்களுடையது. வாங்குபவர் பட்டியலில் உன் பெயர் இருக்கக் கூடாது. மதிப்புச் சொன்னவரே வாங்குவது என்பது, எவ்வளவு நியாயமான விலை கொடுத்தாலும், பிறகு அந்த வீட்டில் ஒருநாள் பேச்சாக வரும். அந்த அம்மா காபி கொடுத்து, "அவர் ஞாபகமா நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க" என்று சொன்னாலும் எடுக்காதே. மறுப்பது கஷ்டம். காபியைக் குடித்துவிட்டு வா.

கண்காட்சி வேலை இதைவிட இலகு, உடம்புதான் நோகும். ஒரு ஃபிரேமுக்குப் பதினாறு தாள். தொடங்குவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து மாட்டுவது, முடிந்த அன்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகு கழற்றுவது. சர்வதேசக் கண்காட்சிகளில் கமிஷனர் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒருவர் இருப்பார், கேள்விப்பட்டிருப்பாய். பெயர் பெரிது. வேலை என்னவென்றால், தன் நாட்டுக்காரர்களின் சேகரிப்புகளைக் கைப்பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டு போய், சுங்கத்தில் பட்டியலைக் காட்டி, ஃபிரேமில் மாட்டி, கழற்றி, திரும்பக் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் சேர்ப்பது. விமானத்தில் தூங்காமல் மேல் தட்டையே பார்த்துக்கொண்டு போகிறவர்களை எனக்குத் தெரியும். பாக்கெட் வேலையை ஒழுங்காகச் செய்தவர்களைத்தான் கடைசியில் அங்கே அனுப்புவார்கள். அனுப்பாவிட்டாலும் குறை இல்லை.

பிள்ளைகள் விஷயம். அஞ்சல்துறை 2017-இல் தொடங்கிய தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில் ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு வருஷம் 6000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வினாடி வினா, ஒரு ப்ராஜெக்ட். பள்ளிக்கு வழிகாட்டியாக ஒரு சேகரிப்பாளரைப் போடவும் அதில் இடம் வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் போ. ஆனால் பணத்தைச் சொல்லி உள்ளே இழுக்காதே. ஸ்டாம்ப் நாளைக்கு லட்சத்துக்குப் போகும் என்றும் சொல்லாதே. இரண்டும் பொய்க்குப் பக்கத்து வீடு. பென்னி பிளாக் 1840, சிந்து டாக் 1852 என்று தொடங்கினால் பின் பெஞ்சு தூங்கிவிடும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, கவரிலிருந்து வெட்டிய ஸ்டாம்புகளை முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிடு. பசை இளகித் தாள் தானாகப் பிரிவதைப் பார்க்க எல்லாத் தலையும் குனியும். காய்கிற நேரத்தில் 1960-இல் வந்த பாரதியார் ஸ்டாம்பை லென்ஸோடு கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இரு. "மிஸ், பதினஞ்சு 'என்பி'ன்னு போட்டிருக்கு, அது என்ன?" என்று ஒன்று கேட்கும். நயா பைசா, புதுப் பைசா என்று சொன்னால், பைசாவில் பழசு புதுசு உண்டா என்று அடுத்த கேள்வி வரும். அங்கிருந்து அணா, காசுக் கணக்கு மாறிய 1957, எல்லாம் அதுகளே இழுத்துக்கொள்ளும். இருபது பிள்ளைகளில் ஒன்று தொடர்ந்தால் அதுவே அதிகம். அந்த ஒன்று எது என்று அன்றைக்குத் தெரியாது. வாயாடிப் பிள்ளையாக இருக்காது என்பது மட்டும் என் அனுபவம்.

ஈரம் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி கார்த்திகையில் மின்ட் ஸ்டாம்புகளைச் சுற்றுக்கு அனுப்பாதே. பசை ஒட்டிக்கொண்டால் புத்தகக்காரருக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக, எவ்வளவு நாள்? நீண்ட நாள் செய், ஆனால் ஒரே நாற்காலியில் அல்ல. பாக்கெட்டை ஐந்து ஆறு வருஷம் பார்த்துவிட்டு இன்னொருவரிடம் கொடு. நூலகத்துக்குப் போ, பத்திரிகைக்குப் போ, மறுபடி வேண்டுமானால் திரும்பி வா. "என்னை விட்டால் ஆள் இல்லை" என்று முப்பது வருஷம் ஒரே பொறுப்பில் இருந்த பெரியவர்களை மதிக்கிறேன். ஆனால் அவர்கள் போன பிறகு உறுப்பினர் பட்டியல் அவர்கள் வீட்டு அலமாரியில், வங்கிக் கணக்கு அவர்கள் கையெழுத்தில், நூலகச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது என்ற நிலையும் உண்டு. ஒரு சங்கத்தின் நூலகமே அப்படிப் பழைய பேப்பர்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சென்னையில் 1956-இல் தொடங்கிய சவுத் இந்தியா ஃபிலாட்டலிஸ்ட்ஸ் அசோசியேஷனின் வயதைக் கணக்குப் போட்டுப் பார். எந்த ஒரு மனுஷரும் அத்தனை வருஷம் சாவியை வைத்திருக்க முடியாது. கை மாறித்தான் ஆக வேண்டும். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே ஒரு துணை ஆளைத் தேடு. கல்லூரிப் பிள்ளையாக இருந்தால் நல்லது. செய்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுது: யார் பெட்டியைத் தாமதமாக அனுப்புவார், யாருக்குப் பார்வை மங்கல் என்பதால் விலையைப் பெரிதாக எழுத வேண்டும், எந்தத் தபால் ஆபீஸில் பார்சலை எத்தனை மணிக்குள் கொடுத்தால் அன்றைக்கே போகும். இதெல்லாம் உன் தலையில் மட்டும் இருந்தால் நீ காய்ச்சலில் படுத்தால் சங்கமும் படுக்கும்.

உன் சேகரிப்பையும் விட்டுவிடாதே. சொந்த ஆல்பத்தைத் தொடாத செயலாளர் கொஞ்ச நாளில் வெறும் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவார், அடுத்தவரின் ஸ்டாம்பைப் பார்க்கும் கண்ணும் போய்விடும். மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கத்துக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடு. அக்காவுக்கும் அது ஆறுதலாக இருக்கும்.

இத்துடன் நான் முன்பு பயன்படுத்திய சுற்றுப் பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். கழிவு விகிதத்தை மட்டும் உங்கள் செயற்குழுவில் கேட்டு மாற்றிக்கொள். காலிக் கட்டத்துக்கு ரப்பர் முத்திரை செய்யக் கொடுக்கும்போது பெயர் வேண்டாம், உறுப்பினர் எண் போதும். அளவு சின்னதாகச் சொல், பெரிதாகச் செய்துவிட்டால் பக்கத்து ஸ்டாம்பின் மேல் மை படும். முதல் சுற்று முடிந்து கணக்கு இடித்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் போன் செய், அதற்கு முன் நான் கோயிலில் இருப்பேன்.

அன்புடன்,
மாமா